பூட்ஸுக்குள் என்ன இருக்கிறது? கையால் செய்த தோல் பூட்ஸ்களை ஒப்பிட ஓர் அறிமுகம்

சில வருடங்களுக்கு முன் ஒரு தோல் பூட்ஸ் வாங்கினேன். அதுவரை காலணிக்கு நான் கொடுத்ததிலேயே அதுதான் அதிக விலை. சோலின் விளிம்பைச் சுற்றி வெள்ளை நூலில் சீரான தையல் ஓடியது. அந்தத் தையலைப் பார்த்துத்தான் வாங்கினேன். இரண்டாவது மழைக்காலத்தில் முன்பக்கம் வாய் பிளந்தது. தெருமுனையில் உட்கார்ந்து செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் பிளந்த இடத்தில் விரலை விட்டு இழுத்தார். முழு சோலும் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. "தம்பி, இதுல தையலே இல்லையே" என்றார். விளிம்பில் தெரிந்த தையல், அங்கே ஒட்டியிருந்த ஒரு பட்டையின் மீது அழகுக்குப் போட்டது. அது எதையும் எதோடும் சேர்க்கவில்லை.

அப்புறம்தான் நல்ல பூட்ஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பழையதைப் பிரித்துப் பார்த்தேன், சோல் மாற்றுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். உயர்தர பூட்ஸ் என்றால் 400, 500 டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போகும். அவ்வளவு பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது தோலையோ பளபளப்பையோ அல்ல, உள்சோலை. பாதம் எதன்மேல் நிற்கிறதோ அந்தப் பலகைதான் பூட்ஸின் அஸ்திவாரம். மற்ற பாகங்கள் அதோடு எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் எந்த இரண்டு பூட்ஸையும் ஒப்பிட்டுவிடலாம்.

சரி, பாகங்களின் பெயர்களைப் பார்த்துவிடுவோம். காலை மூடும் தோல் பகுதி முழுவதும் ‘அப்பர்’. பாதம் படுவது உள்சோல், தரையில் படுவது அடிச்சோல். சில பூட்ஸில் இரண்டுக்கும் இடையே ஒரு நடுச்சோலும் உண்டு. இவை எல்லாம் ‘லாஸ்ட்’ எனப்படும் கால் வடிவ அச்சுக்கட்டையின் மேல்தான் உருவாகின்றன. கட்டையின் அடியில் உள்சோலைச் சிறு ஆணிகளால் பொருத்துவார்கள். மேலே அப்பரைப் போர்த்தி, குறடால் பிடித்து இழுத்து, விளிம்பை அடிப்பக்கமாக மடக்குவார்கள். இப்போது அதைக் கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் உள்சோல் தெரியும், அதன் ஓரமெங்கும் மடங்கிய தோல் தெரியும். இந்த இரண்டையும் எப்படிப் பிணைப்பது, அதோடு அடிச்சோலை எப்படிச் சேர்ப்பது? பூட்ஸ்களுக்கு இடையிலான பெரிய வித்தியாசம் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

பசையா, தையலா?

சுலபமான வழி பசை. மடங்கிய விளிம்பை உள்சோலோடு ஒட்டி, அதன்மேல் அடிச்சோலை ஒட்டிவிடுவது. உலகில் விற்கும் காலணிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் செய்யப்படுகின்றன. ஓடுவதற்கான ஷூவுக்கு இது சரியான வழியும்கூட, ஏனென்றால் எடை குறைவு, வளைவது சுலபம். பத்து வருடம் உழைக்க வேண்டிய பூட்ஸுக்குத்தான் இது போதாது. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் படும்போது பசை பிடி விடுகிறது. நவீனப் பசைகள் முன்னைவிட எவ்வளவோ மேல் என்றாலும், சோலைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாற்றும் வசதி அவற்றில் இல்லை.

அடுத்தது பிளேக் தையல். லைமன் பிளேக் என்ற அமெரிக்கர் 1858-இல் இதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உள்சோல், மடங்கிய தோல், அடிச்சோல் மூன்றையும் ஒரே தையல் துளைத்துக்கொண்டு போகும். சோல் மெல்லியதாக, வளைவாக வரும். இத்தாலியின் நளினமான ஷூக்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். குறை என்னவென்றால், தையல் தரையிலிருந்து நேராகப் பாதம் வரை போகிறது. ஈரத்துக்கு அது ஒரு பாதை. மழையில் போடுகிற பூட்ஸுக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மூன்றாவது, விளம்பரங்களில் நீங்கள் அதிகம் பார்த்திருக்கக்கூடிய பெயர்: குட்இயர் வெல்ட். டயர் கம்பெனியோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன், அதே பெயர் கொண்டவர், 1870-களில் இந்த இயந்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இதில் சோல் நேரடியாக உள்சோலோடு தைக்கப்படுவதில்லை. நடுவில் ‘வெல்ட்’ என்ற தோல் பட்டை வருகிறது. முதல் தையல் அப்பரையும் வெல்ட்டையும் உள்சோலோடு சேர்க்கும். இரண்டாவது தையல், பூட்ஸின் வெளி விளிம்பில் ஓடுவது, வெல்ட்டையும் அடிச்சோலையும் சேர்க்கும். சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்தால் போதும். முதல் தையல் தொடப்படாமல் அப்படியே இருக்கும். பூட்ஸுக்கு மறுபடி மறுபடி சோல் போட முடிவது இந்த இரட்டைத் தையலால்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கைவேலைக்கும் மெஷின் வேலைக்கும் உள்ள வித்தியாசமே இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். முதல் தையல் உள்சோலில் எதைப் பிடித்துக்கொள்கிறது? உள்சோல் தட்டையான பலகை. மேலிருந்து கீழ் வரை துளைத்தால் பாதத்தில் நூல் உறுத்தும். அதனால் உள்சோலின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு வேண்டும். ஊசி அந்த வரப்பைப் பக்கவாட்டில் துளைத்துப் போகும். இன்று பெரும்பாலான குட்இயர் பூட்ஸில் இந்த வரப்பு, உள்சோலின்மேல் பசையால் ஒட்டிய ஒரு துணி நாடா. ‘ஜெம்மிங்’ என்பார்கள். அதாவது இவ்வளவு தையலும் கடைசியில் பசை போட்ட நாடாவைத்தான் பிடித்துத் தொங்குகிறது.

வெல்ட்டைக் கையால் தைக்கும் ‘கைவெல்ட்’ பூட்ஸில் அந்த வரப்பை உள்சோலிலிருந்தே செதுக்குகிறார்கள். அதற்கு உள்சோல் தடிமனான தாவரப் பதத் தோலாக (மரப்பட்டை, காய் போன்றவற்றின் சாற்றில் பதனிட்ட தோல்), ஏறக்குறைய 5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். தோலை நனைத்து, அச்சுக்கட்டையில் ஆணியடித்து, அதன் வளைவுக்கு ஏற்ப உலரவிடுவார்கள். பிறகு கூர்மையான கத்தியால் ஓரத்தைச் சீவி, உள்ளே ஒரு பள்ளம் வெட்டி, நடுவே ஒரு மேட்டை மட்டும் விட்டுவிடுவார்கள். வளைந்த குத்தூசியால் அந்த மேட்டில் ஒவ்வொரு துளையாகப் போட்டு, ஒவ்வொரு தையலாக இழுக்க வேண்டும். நூல் பல இழைகளாகத் திரித்த லினன். பைன் பிசினும் தேன்மெழுகும் கலந்து பூசியிருப்பதால் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். நூலின் இரண்டு முனைகளும் ஒரே துளைக்குள் எதிரெதிராகப் போகும். இழுக்கும்போது உராய்வின் சூட்டில் பிசின் இளகி, துளைக்குள்ளேயே இறுகிவிடும். ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் தளராது. பழைய வேலைக்காரர்கள் ஊசிக்குப் பதிலாக நூல் முனையில் காட்டுப்பன்றியின் முரட்டு மயிரைத் திரித்துக் கட்டிக்கொள்வார்கள். வளைந்த துளைக்குள் அது வளைந்தே நுழையும். பலர் இன்று உலோக ஊசியையோ நைலான் இழையையோ பயன்படுத்துகிறார்கள்.

மெஷின் இதே தையலை ஒரு காலுக்கு ஒரு நிமிடத்துக்குள் போட்டுவிடும். கையால் தைத்தால் ஒரு ஜோடிக்குச் சில மணி நேரம் ஆகும். இந்த உழைப்பு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கைவெல்ட்டையும் மெஷின் வெல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழகிய கண்ணுக்கே சந்தேகம் வரும்.

அதற்காகத் துணி நாடா மோசம் என்று தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன், ஷூத் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1829-இல் தொடங்கிய டிரிக்கர்ஸும் 1879-இல் தொடங்கிய குரோக்கெட் அண்ட் ஜோன்ஸும் அங்கேதான் இருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1884 முதல் இருக்கும் ஆல்டன் கம்பெனியும் குட்இயர் முறையில்தான் செய்கிறது. இந்த பூட்ஸ்கள் பல முறை சோல் மாற்றி, இருபது வருடத்துக்கு மேல் போடப்படுவதுண்டு. என் கணக்கு இப்படி: நல்ல உள்சோல் தோல் வைத்த குட்இயர் பூட்ஸ், மட்டமான தோல் வைத்த கைவெல்ட் பூட்ஸைவிட மேல். இரண்டும் சமமான தோல் என்றால், கைவெல்ட்தான் அதிக நாள் தாங்கும்.

மரம் வெட்டுபவர்களின் வழி

குட்இயருக்கும் கைவெல்ட்டுக்கும் வெளியே இன்னொரு பெரிய குடும்பம் இருக்கிறது: ‘ஸ்டிச்டவுன்’. இதில் அப்பரின் விளிம்பை உள்ளே மடக்குவதில்லை. பாவாடையின் கரை மாதிரி வெளியே விரித்து, நேராக நடுச்சோலின்மேல் படுக்கவைத்துத் தைக்கிறார்கள். தோலும் சோலும் சேரும் மூலையில் தண்ணீர் நுழைய இடுக்கு கிடையாது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் மரம் வெட்டியவர்களுக்காக வளர்ந்த முறை இது. ஆரிகன் மாநிலத்தில் 1918-இல் தொடங்கிய வெஸ்கோவும், கனடாவில் 1931-இல் தொடங்கிய வைபெர்க்கும் இதில் பெயர் பெற்றவை. வெஸ்கோவைத் தொடங்கியவரின் குடும்பப் பெயரே ஷூமேக்கர்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்தில் வொய்ட்ஸ், நிக்ஸ் போன்ற பூட்ஸ் பட்டறைகள் இருக்கின்றன. அவற்றின் கைத்தையல் பூட்ஸில் ஸ்டிச்டவுனும் கைவெல்ட்டும் ஒன்றாகச் சேர்கின்றன. அப்பரை முதலில் உள்சோலோடு கையால் தைத்து, பிறகு விளிம்பை வெளியே புரட்டி, நடுச்சோலோடு மெஷினில் தைப்பார்கள். உள்பாதத்து வளைவின் அடியில் இரும்புப் பட்டைக்குப் பதிலாகத் தோல் பட்டையை அடுக்கி, வளைவை நன்றாக எழுப்பிவிடுவது அந்த ஊர் வழக்கம். முதல் இரண்டு மூன்று வாரம் பாதத்துக்குக் கஷ்டம்தான். பழகிவிட்டால் ஏணியில் நாள் முழுக்க நிற்பவர்கள்கூட வேறு பூட்ஸைத் தொடுவதில்லை. காட்டுத்தீ அணைக்கும் அமெரிக்கத் தொழிலாளர்கள் குறைந்தது 8 அங்குல உயரமுள்ள தோல் பூட்ஸ் போட வேண்டும் என்பது விதி. அவர்களில் பலருடைய காலில் இருப்பது ஸ்போகேன் பூட்ஸ்தான்.

எனவே ‘எது சிறந்தது’ என்ற கேள்வியை ‘எந்த வேலைக்கு’ என்ற கேள்வியோடு சேர்த்தே கேட்க வேண்டும். அலுவலகத்துக்கு வொய்ட்ஸ் பூட்ஸ் போட்டுப் போனால் அது மிகக் கனமாக இருக்கும். மெல்லிய கன்றுத்தோல் பூட்ஸோடு காட்டுக்குப் போனால் ஒரே நாளில் கீறிக் கிழியும்.

கண்ணுக்குத் தெரியாத மற்றவை

விலையைக் குறைக்க நினைக்கும் கம்பெனி முதலில் கைவைப்பது உள்ளே ஒளிந்திருக்கும் பாகங்களில்தான். குதிகாலைச் சுற்றி அப்பருக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு விறைப்பான அடுக்கு இருக்கும். நல்ல பூட்ஸில் அது தடித்த தோல். அது ஈரத்திலும் சூட்டிலும் மெல்ல உங்கள் குதிகாலின் வடிவத்துக்கு வந்துவிடும். மலிவானதில் அது அட்டையோ பிளாஸ்டிக்கோ. அட்டை நனைந்தால் நொறுங்கும், குதிகால் பக்கம் சரியும். பெருவிரல் முனையின் விறைப்பும் இப்படியே. ஹீல் அடுக்கும் அப்படித்தான். நிஜத் தோல் அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். தோல் தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையிலும் அதே கோடுகளை வரைந்துவிடுவார்கள்.

உள்சோலும் விலைகுறைந்த குட்இயர் பூட்ஸில் அழுத்திய நார் அட்டையாகவே இருக்கலாம். அது வியர்வையில் ஊறி ஊறி வளைந்து, ஒரு நாள் விரல் மடங்கும் இடத்தில் வெடிக்கும். தோல் உள்சோல் வியர்வையைக் குடித்து, இரவில் வெளியே விட்டு, சில மாதங்களில் உங்கள் பாதத்தின் அச்சைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். பெருவிரலுக்கு ஒரு குழி, குதிகாலுக்கு ஒரு குழி. அதன் அடியில் வரப்புகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைக் கார்க் தூளாலும் பசையாலும் நிரப்புவார்கள். கைவெல்ட்டில் பள்ளம் ஆழம் குறைவு, அதனால் கார்க்கும் குறைவாகவே போதும்.

டெக்ஸாஸ் கவ்பாய் பூட்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு. பாதத்தின் ‘இடுப்பு’ப் பகுதியில், அதாவது உள்வளைவின் அடியில் சோல் குறுகும் இடத்தில், சோலைத் தைக்காமல், சின்னச் சின்ன மர ஆணிகளை அடித்துப் பிணைப்பார்கள். ஈரம் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். மர ஆணி தோலோடு சேர்ந்து ஊதி, இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

தோலுக்கு வருவோம்

தோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெயர்கள் குவியும். அடிப்படையில் கேட்க வேண்டியவை மூன்று: எப்படிப் பதப்படுத்தியது, எந்த அடுக்கு, உடம்பின் எந்தப் பகுதி.

பதப்படுத்துவதில் இரண்டு பெரிய பாதைகள் உண்டு. ஒன்று தாவரப் பதம். கடுக்காயை வாயில் போட்டால் நாக்கு சுருங்குகிறதே, அந்தத் துவர்ப்புதான் இதன் ரகசியம். துவர்ப்புப் பொருள் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறண்டதுபோல் ஆகிறது. அதே பொருள் பச்சைத் தோலின் புரத நாரைப் பிடித்துக்கொண்டால் தோல் அழுகாமல் நிலைக்கிறது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேறியது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பேக்கர் என்ற தோல் ஆலை இன்றும் ஓக் மரப்பட்டைச் சாற்றுக் குழிகளில் சோல் தோலைப் பதனிடுகிறது. ஒரு தோல் தயாராக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இப்படி வரும் தோல் விறைப்பாக இருக்கும், செதுக்கினால் வடிவம் நிற்கும், வயதாக ஆக நிறம் ஆழமாகும். உள்சோலுக்கும் அடிச்சோலுக்கும் இதுதான் வேண்டும்.

மற்றொன்று குரோம் பதம். குரோமிய உப்பில் ஊறவைத்தால் ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். வெளியே வரும்போது இளநீல நிறத்தில் இருக்கும். மென்மை, சூடு தாங்கும் சக்தி, தண்ணீரைச் சமாளிப்பது என எல்லாவற்றிலும் இது நன்றாகத் தேறும். அப்பருக்கு இதைக் குறை சொல்ல முடியாது. கவலைப்பட வேண்டியது, கழிவு நீர் எங்கே போகிறது என்பதில். பாலாற்றங்கரை ஊர்களில் கிணறு உப்பாகி, வயல் பாழானது வெறும் புத்தகச் செய்தி இல்லை. வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தாவரப் பதம் என்றால் கழிவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உப்பும் அழுகலும் அதிலும் உண்டு. எந்த ஆலை கழிவைச் சுத்திகரிக்கிறது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

இரண்டையும் கலந்து செய்வதும் உண்டு. சிகாகோவில் 1905-இல் தொடங்கிய ஹார்வீன் ஆலையின் ‘குரோமெக்ஸல்’ அப்படிப்பட்டது. முதலில் குரோம், பிறகு மரப்பட்டைச் சாறு, அதற்குமேல் சூடான எண்ணெயும் மெழுகும் தோலுக்குள் ஏற்றுவார்கள். அதை விரலால் அழுத்தி வளைத்தால், அந்த இடத்தில் எண்ணெய் விலகி நிறம் வெளுக்கும். விட்டால் மெல்ல மறுபடி கருக்கும். கீறல் விழுந்தால் கட்டைவிரலால் தேய்த்தாலே பாதி மறைந்துவிடும். முதல்முறை நல்ல பூட்ஸ் வாங்குபவருக்கு இது மன்னிக்கும் குணமுள்ள தோல். ஒரு பலவீனம்: எண்ணெய் நிறைந்த இளகிய தோல் என்பதால், வயிற்றுப் பக்கத்துத் துண்டு மாட்டிக்கொண்டால் தடித்தடியாகச் சுருக்கம் விழும்.

அடுக்கு விஷயத்துக்கு வருவோம். மாட்டின் தோலில் மயிர்ப்பக்கம்தான் நார் நெருங்கிய இடம். அதைச் சுரண்டாமல் விட்டால் ஃபுல் கிரெய்ன். முள் கீறிய தழும்பு, கொசு கடித்த புள்ளி எல்லாம் தெரியும். தழும்பு அதிகமுள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்து, பிளாஸ்டிக் பூச்சு பூசி, செயற்கை ரேகை அச்சடித்தால் அது கரெக்டட் கிரெய்ன். கடையில் பார்த்தால் ஒரு தழும்பும் இல்லாமல் வழவழவென்று இருக்கும், இரண்டு வருடத்தில் பூச்சு வெடித்து உரியும். அடிப்பக்க அடுக்கைப் பிரித்தெடுப்பது ஸ்பிலிட். ‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரை இவற்றில் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. ஃபுல் கிரெய்னையே திருப்பிப் போட்டு, சதைப்பக்கம் வெளியே தெரியும்படி தைத்தால் அதற்கு ரஃப் அவுட் என்று பெயர். வேலைக்கான பூட்ஸில் இது எனக்கு மிகவும் பிடித்தது. கீறல் விழுந்தாலும் தெரியாது, உறுதியான பக்கம் உள்ளே பத்திரமாக இருக்கும்.

மூன்றாவது கேள்விதான் அதிகம் பேர் கேட்காதது. ஒரே தோலில் முதுகும் பிட்டமும் இறுக்கம், வயிறும் கழுத்தும் தளர்வு. பூட்ஸின் முன்பகுதிக்கு முதுகிலிருந்து வெட்ட வேண்டும், நாக்குக்கும் மறைவான துண்டுகளுக்கும் வயிற்றுப் பக்கம் போதும். தோல் எந்தத் திசையில் இழுபடுகிறது என்று பார்த்து வெட்டுவது தனிக்கலை. விரலுக்கும் கணுவுக்கும் நடுவே அது இழுபடக் கூடாது, குறுக்கே மட்டும் கொஞ்சம் கொடுக்கலாம். இரண்டு கால்களின் முன்துண்டுகளும் ஒரே தோலின் இணையான இடங்களிலிருந்து வந்தால்தான் இரண்டும் ஒரே மாதிரி முதுமையடையும். நேரில் வாங்கினால், பூட்ஸின் முன்பகுதியைக் கட்டைவிரலால் உள்ளே மெல்ல அழுத்திப் பாருங்கள். பட்டுப் போல நுண்ணிய வரிகள் ஓடினால் நார் இறுக்கம். ஊறிய தோல் உரிந்ததுபோல் பெரிய மடிப்பு எழுந்தால் தளர்வு.

மாட்டுத்தோலைத் தாண்டினால் குதிரை. ஷெல் கார்டோவன் என்பது குதிரையின் பிட்டத்துக்குள், மேல்தோலுக்குக் கீழே இருக்கும் நெருக்கமான நார்ப்படலம். ஒரு குதிரையில் இரண்டு நீள்வட்டத் துண்டுகள் மட்டும் கிடைக்கும். ஹார்வீன் அதைப் பதனிட ஆறு மாதமாவது எடுத்துக்கொள்கிறது. மற்ற தோலில் கூர்மையான சுருக்கம் விழும் இடத்தில் இதில் அலை மாதிரி உருண்ட மடிப்புதான் வரும். தூரிகையால் தேய்த்தால் கண்ணாடிபோல் மினுங்கும். விலையும் அதற்கேற்ப இருமடங்கு வரை போகும். அழகு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மழைத்துளி பட்ட இடம் புள்ளியாக எழும்பும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஜப்பானின் ஹிமேஜி நகரத்து ஷின்கி ஆலையின் குதிரைத்தோல் வேறொரு ரகம். உள்ளே பழுப்பு, மேலே மட்டும் கறுப்பு. போடப்போட விளிம்புகளில் கறுப்பு தேய்ந்து தேநீர் நிறம் எட்டிப்பார்க்கும். இதற்காகவே காத்திருந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாத் தடிமனும் எல்லாருக்கும் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகர்ப்புற கன்றுத்தோல் பூட்ஸ் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் இருக்கும், வேலை பூட்ஸ் 2.4-ஐத் தாண்டும். சென்னை மாதிரி ஊரில் முழு லைனிங் வைத்த தடித்த பூட்ஸ் அடுப்பு மாதிரி. லைனிங் இல்லாத ரஃப் அவுட்டோ, சதைப்பக்கத்தைத் தேய்த்து மென்மையாக்கிய ஸ்வேடோ இருந்தால் நிம்மதி.

அடிச்சோல்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் மாற்றக்கூடிய பாகம் இது. 1935-இல் ஆல்ப்ஸ் மலை விபத்தில் நண்பர்களை இழந்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, 1937-இல் ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் சோலுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் முதல் எழுத்துகள் சேர்ந்துதான் விப்ரம். சேறு, பாறை என்றால் அது. ஊருக்குள் என்றால் வட்டக் குமிழ்கள் கொண்ட இங்கிலாந்தின் டைனைட் சோல். பக்கவாட்டில் பார்த்தால் தட்டையான தோல் சோல் மாதிரியே தெரியும், ஈரத்தில் தோல் சோல் அளவுக்கு வழுக்காது. தோல் சோல் அழகு, ஆனால் நம் மழைக்காலத்துக்கு அதில் அர்த்தமில்லை.

‘கையால் செய்தது’ என்றால்?

அப்பரின் துண்டுகளைத் தையல் மெஷினில் தைக்காத பட்டறை ஏறக்குறைய இல்லை. எனவே ‘கையால் செய்தது’ என்று சொன்னால், எந்தப் படி கையால் என்று கேளுங்கள். அச்சுக்கட்டையில் தோலை இழுத்துப் பொருத்துவது முக்கியமான படி. அதை மெஷினால் செய்ய முடியாது என்றே ஒரு காலத்தில் நம்பினார்கள். சுரினாமில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த ஜான் மாட்சலிகர் 1883-இல் அதற்கான மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். கையால் ஒரு நாளில் ஐம்பது ஜோடி இழுத்த இடத்தில் அது நூற்றுக்கணக்கில் இழுத்தது. கறுப்பினத்தவரான அவர் முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். இன்று எல்லோரும் வாங்கக்கூடிய விலையில் ஷூ கிடைப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மெஷின் இழுப்பில் தவறில்லை. கைவேலையின் பலன் நேரத்தில் இருக்கிறது. நல்ல பட்டறையில் பூட்ஸ் கட்டையிலேயே பல நாள் கிடக்கும். அந்த வடிவத்தைத் தோல் மறப்பதில்லை. அவசரத்தில் சூடேற்றி இறக்கிய பூட்ஸ் சில மாதத்தில் தொய்ந்துவிடும்.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையடையாது. அங்கே சிபடுயுட் என்ற பகுதியே ஷூத் தொழிலுக்குப் பேர்போனது. சகாரா போன்ற சிறு பட்டறைகள் அந்த நகரத்திலிருந்து கைவெல்ட் பூட்ஸ் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன. அமெரிக்க குட்இயர் பூட்ஸின் விலைக்கே அங்கே கைவெல்ட் கிடைப்பதுண்டு, கூலியும் வாடகையும் குறைவு என்பதால். தைக்கும் கைகளின் திறமையில் குறைவொன்றும் இல்லை. ஆனால் ஆர்டர் கொடுத்துப் பல மாதம் காத்திருக்க வேண்டும், அளவு தவறினால் திருப்பி அனுப்புவது பெரிய வேலை. பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, விரல்களுக்குப் பின்னால் பாதம் அகலும் இடத்தைச் சுற்றியும் பாதத்தின் மேல்மேட்டைச் சுற்றியும் நூலால் அளந்து அனுப்புங்கள். மாலையில் அளந்துகொள்ளுங்கள், பாதம் நாள் முழுக்க நடந்து கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. உங்கள் ஸ்னீக்கர் அளவை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் பெரும்பாலும் பெரிதாக வரும்.

பணம் கட்டுமுன் செய்பவரிடம் நான் கேட்பவை இவை: உள்சோல் தோலா, எத்தனை மில்லிமீட்டர்? வரப்பு செதுக்கியதா, ஒட்டியதா? குதிகால் விறைப்பு எதனால் ஆனது? அடிச்சோல் போடுவதற்கு முன் கவிழ்த்த பூட்ஸின் படம் ஒன்று அனுப்ப முடியுமா? நேர்மையான பட்டறை இந்தக் கடைசிக் கேள்விக்குச் சந்தோஷப்படும். தன் வேலையில் யாருமே பார்க்காத பகுதியைப் பார்க்க ஒருவர் ஆசைப்படுகிறாரே என்று.

வாங்கியபின் கவனிக்க வேண்டியதும் உள்சோலைத்தான். அப்பருக்குப் பாலிஷ் போட எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள், உள்ளே ஊறிய வியர்வையை யாரும் நினைப்பதில்லை. ஒரு நாள் போட்டால் மறுநாள் அதற்கு ஓய்வு கொடுங்கள். இரவில் மரக்கட்டை அச்சோ, அது இல்லாவிட்டால் கசக்கிய செய்தித்தாளோ உள்ளே வைத்தால் ஈரம் இறங்கும். நனைந்தால் வெயிலிலோ அடுப்போரத்திலோ வைக்காதீர்கள், மின்விசிறிக் காற்றே போதும். சூட்டில் வேகமாக உலர்ந்த உள்சோல் முறுகி, விரல் மடங்கும் கோட்டில் வெடிக்கும். அப்பர் கிழிந்தால் ஒட்டுப் போடலாம், வெல்ட் தேய்ந்தால் புது வெல்ட் தைக்கலாம், ஹீலையும் சோலையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். உள்சோல் வெடித்த பூட்ஸை மட்டும் மறுபடி அச்சுக்கட்டையில் ஏற்றி, முதல் தையலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதைச் செய்ய ஒப்புக்கொள்ளும் கைகள் மிகக் குறைவு.